மழைமானித் தரவுக்குச் சொந்தச் செய்மதி: யாரிடம் அனுமதி? ஆலோசனைக் குழு கேட்டு மனுக் கொடுக்கலாமா?

கொட்டகலை மழைமானி:

எல்லோருக்கும் வணக்கம். தலவாக்கலை, கொட்டகலைப் பக்கத் தோட்டங்களின் மேல் டிவிஷன்களில் மண்சரிவு எச்சரிக்கைக்காகத் தானியங்கி மழைமானிகள் வைக்கும் திட்டம் ஒன்று போட்டிருக்கிறோம். மானி வைப்பது பெரிய வேலையில்லை. அளவை அங்கிருந்து வெளியே கொண்டுவருவதுதான் பாடு. மலைக்கு அந்தப் பக்கம் போன் சிக்னல் கிடையாது. இருக்கிற இடத்திலும் கடும் மழையில் கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் கோபுரமும் போய்விடும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றாலோ ஒரே மணித்தியாலத்தில் 75 விழுந்தாலோ இடத்தை விட்டு வெளியேற வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. அந்த 75 விழுகிற ராத்திரியில் தரவு வராவிட்டால் மானி இருந்தும் பயனில்லை. 2014இல் மீரியபெத்தையை மண்சரிவு மூடியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அதனால் செய்மதி வழியை யோசிக்கிறோம். ஒன்று, வெளிநாட்டுச் செய்மதிச் சேவை ஒன்றைக் கட்டணம் கட்டி எடுக்கலாம். இல்லாவிட்டால் பல்கலைக்கழகம் ஒன்றோடு சேர்ந்து 3யூ அளவில் (10 சென்ரிமீற்றர் கனசதுரம் மூன்றை அடுக்கிய அளவு) சிறிய செய்மதி செய்து அதில் லோரா (குறைந்த சக்தியில் நெடுந்தூரம் போகும் வானொலி முறை) அலைவாங்கி ஒன்றை ஏற்றலாம். அமெச்சூர் (பொழுதுபோக்கு வானொலி ஆர்வலர்களின்) அலைவரிசையில் போனால் செலவும் கெடுபிடியும் குறைவு என்கிறார்கள். பிறகு அதே தரவைத் தோட்டக் கம்பனிகளுக்குச் சந்தா முறையில் கொடுக்கும் எண்ணமும் இருக்கிறது.

முதலில் எந்த அலுவலகத்துக்குப் போவது? அமெரிக்க ரொக்கெட்டில் ஏற்றினால் அந்த நாட்டுச் சட்டம் எங்களையும் பிடிக்குமா? இந்திய ரொக்கெட் என்றால் எப்படி? இன்னொன்று: அமெரிக்காவில் இருப்பதுபோல தனியார் விண்வெளித் தொழிலுக்கு ஓர் ஆலோசனைக் குழு அமைக்கச் சொல்லி அமைச்சுக்கு மனுக் கொடுக்க வேண்டும் என்று எங்கள் குழுவில் ஒருவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். அந்தக் குழுக்களால் உண்மையில் ஏதாவது ஆகிறதா?

வர்த்தமானி வாசகன்:

மனு விஷயத்தை முதலில் எடுக்கிறேன். குழப்பம் அங்கேதான் அதிகம்.

அமெரிக்காவில் குழு ஒன்றல்ல, பல. ரொக்கெட் ஏவவும் மீள்நுழைவுக்கும் அனுமதிப்பத்திரம் கொடுப்பது எஃப்.ஏ.ஏ. என்ற விமானப் போக்குவரத்து நிர்வாகம். அதற்கு ஆலோசனை சொல்வது கொம்ஸ்டாக் என்ற குழு. 1984இல் வணிக ஏவுதல் சட்டம் வந்த கையோடு உருவானது. அப்போது ஏவுதல் அனுமதி கொடுக்கும் அலுவலகம் போக்குவரத்துச் செயலாளரின் நேரடிப் பொறுப்பில் இருந்தது, 1995இல்தான் எஃப்.ஏ.ஏ.க்குள் போனது. பூமியைப் படமெடுக்கும் செய்மதிகளுக்கு அனுமதி கொடுப்பது நோவா என்ற கடல், வளிமண்டல நிர்வாகம். அதற்கென்று 2002இல் ஆக்ரெஸ் என்ற வேறு குழு வந்தது. வெள்ளை மாளிகையின் தேசிய விண்வெளிச் சபையை 2017இல் தூசி தட்டி எழுப்பியபோது அதன் கீழும் பயனர் ஆலோசனைக் குழு ஒன்றை வைத்தார்கள். அலைவரிசைக்கு எஃப்.சி.சி. என்ற தொடர்பாடல் ஆணைக்குழு, அது இந்த வரிசையில் சேராத தனி ராச்சியம்.

இந்தக் குழுக்களில் எதற்கும் ஓர் அனுமதிப்பத்திரத்தைக் கொடுக்கவோ மறுக்கவோ அதிகாரம் இல்லை. அவற்றின் பலம் 1972இன் கூட்டாட்சி ஆலோசனைக் குழுச் சட்டத்திலிருந்து வருகிறது. கூட்டம் நடப்பதைக் குறைந்தது 15 நாளுக்கு முன் அரசிதழில் அறிவிக்க வேண்டும். கூட்டம் திறந்த கூட்டம், மூடுவதானால் காரணம் எழுத வேண்டும். பொதுமக்கள் யாரும் எழுத்தில் கருத்துக் கொடுக்கலாம். கூட்டக் குறிப்பைத் தலைவர் 90 நாளுக்குள் உறுதிப்படுத்த வேண்டும். பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சாசனத்தைப் புதுப்பிக்காவிட்டால் குழு தானாகச் செத்துப்போகும். உங்கள் நண்பர் உண்மையில் கேட்க வேண்டியது இந்தச் சட்டத்தைத்தான். இது இல்லாமல் குழுவை மட்டும் அமைத்தால் வருடத்துக்கு இரண்டு தேநீர் விருந்து மிஞ்சும்.

அங்கேயும் ஓட்டை இருக்கிறது. தாய்க் குழுவுக்கு அறிக்கை கொடுக்கும் உபகுழுக்களுக்குத் திறந்த கூட்ட விதி பொருந்தாது. வரைவு உண்மையில் எழுதப்படுவது அங்கே. எஃப்.ஏ.ஏ. விதி எழுதுவதற்காகக் கூட்டும் விதியாக்கக் குழுக்கள் அந்த 1972 சட்டத்துக்கே வெளியே. 450ஆம் பாகம் என்று சொல்லப்படும் ஏவுதல் விதிகளின் கதையைப் பாருங்கள். 2018இல் அப்படியொரு விதியாக்கக் குழு கூடியது, மே 24இல் ஜனாதிபதி உத்தரவு வந்தது, 2019 ஏப்ரலில் வரைவு, 2020 டிசம்பர் 10இல் இறுதி விதி, 2021 மார்ச்சில் அமுல். பழைய விதிகளின் கீழ் அனுமதி பெற்றவர்கள் மாறிக்கொள்ள ஐந்து வருட அவகாசம். எளிமையாக்கத்தான் எழுதினார்கள். ஆனால் எதைச் செய்ய வேண்டும் என்று சொல்லாமல் எந்த அளவை எட்ட வேண்டும் என்று மட்டும் சொன்னதால், எட்டிவிட்டதை நிரூபிக்கும் ஆவணங்கள் மலையாகக் குவிந்தன. அதைச் சரிப்படுத்த 2024இல் மறுபடியும் ஒரு விதியாக்கக் குழு. 2025 ஓகஸ்ட்டில் இன்னொரு ஜனாதிபதி உத்தரவு அதே விதிகளைத் திரும்பப் பார்க்கச் சொல்கிறது.

பெரிய முடிவுகள் குழு மேசைக்கு வருவதுமில்லை. விண்வெளிப் பயணிகளின் பாதுகாப்புக்கு விதி போடக் கூடாது என்று 2004இல் எஃப்.ஏ.ஏ.யின் கையைக் கட்டியது காங்கிரஸ். அந்தக் கட்டைப் பலமுறை நீட்டி இப்போது 2028 ஜனவரி 1 வரை வைத்திருக்கிறார்கள். குழுவில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் அனுமதிப்பத்திரம் வாங்கும் கம்பனிக்காரர்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி, அமெரிக்கச் சட்டம் உங்களைப் பிடிக்குமா என்றால்: ஏவுதல் அனுமதிப்பத்திரம் ரொக்கெட் கம்பனியின் பாடு. ஆனால் எஃப்.சி.சி. அல்லது நோவா அனுமதி உள்ள சுமைகளுக்கு (ரொக்கெட் ஏற்றிச் செல்லும் செய்மதிகளுக்கு) எஃப்.ஏ.ஏ.யின் சுமைப் பரிசீலனையிலிருந்து விலக்கு உண்டு. இலங்கைச் செய்மதிக்கு அந்த இரண்டும் இருக்காது, ஆகவே பரிசீலனை உண்டு. அளவு, எடை, எதனால் ஆனது, உரிமையாளர் யார், இயக்குபவர் யார், சுற்றுப்பாதை, பற்றரி உட்பட அபாயப் பொருள்கள், ஆயுட்காலம் முழுக்க என்ன செய்யும், மறைகுறியாக்கம் உண்டா என்று கேட்பார்கள். ரொக்கெட் கம்பனியோ இடைத்தரகரோ உங்களிடம் வாங்கிக் கொடுப்பார்கள். பாதுகாப்பு, வெளியுறவு, வர்த்தகத் திணைக்களங்களும் நாசாவும் பார்க்கும். செய்மதி கட்டும் வேலை முடியும் வரை காத்திருக்காமல் இந்தத் தாளை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் பல்கலைக்கழகமா, உங்கள் கம்பனியா என்பது அங்கே ஒரு மாதிரியும் கொழும்பில் வேறு மாதிரியும் எழுதப்பட்டால் கேள்வி திரும்பி வரும்.

ஊவா வானலை:

அமெரிக்கா ஒரு பக்கம் இருக்கட்டும். உங்க திட்டம் முதல்ல உடையப்போற இடம் அலைவரிசை.

அமெச்சூர் அலைவரிசைல சந்தா வாங்க முடியாது. சர்வதேச வானொலி ஒழுங்குவிதிகள்ல அமெச்சூர் சேவைக்கு இருக்கிற வரைவிலக்கணமே பண நோக்கம் இல்லாத தனிப்பட்ட ஆர்வம்னுதான் சொல்லுது. சர்வதேச அமெச்சூர் சங்கத்துக்கு ஒருங்கிணைப்புக்கு அனுப்புறப்ப திட்டத்தோட நோக்கத்தைக் கேப்பாங்க. "தோட்டங்களுக்கு மழைத் தரவுச் சேவை"ன்னு எழுதினா அங்கேயே நிக்கும். எழுதாம மறைச்சு பிறகு வித்தா, அலைவரிசை பறிபோறதோட அடுத்த மாணவர் செய்மதிக்கும் கதவு சாத்தும். ராவணா 1 போனது வேற வகை. ஜப்பானின் கியூஷு தொழில்நுட்பக் கல்லூரியின் பேர்ட்ஸ் 3 திட்டம், ஒரு கிலோ அளவிலான 1யூ, 2019 ஏப்ரல்ல ஏவி ஜூன் 17இல விண்வெளி நிலையத்துல இருந்து விட்டாங்க. படிப்புக்கும் பரிசோதனைக்கும் போனது அது. அந்தப் பாதையை வச்சு வியாபாரத்துக்குக் கணக்குப் போடாதீங்க.

வியாபாரம்னா வேற அலைவரிசை எடுக்கணும், 401 மெகாஹேர்ட்ஸ் பக்கம் மாதிரி. அதுக்கு நீங்க நேரா ஜெனீவாவுல இருக்கிற ஐ.டி.யூ.வுக்கு (சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம்) எழுத முடியாது. நாட்டு நிர்வாகம்தான் எழுதணும். நமக்கு அது இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ. அவங்க உங்க விவரத்தை வாங்கி ஐ.டி.யூ.வுக்கு முன்னறிவித்தல் பதிவா அனுப்புவாங்க. பாவனைக்கு வர்ற திகதிக்கு ஏழு வருசத்துக்கு மேல முன்னாடி அனுப்பக் கூடாது. வெளியானதும் மத்த நாடுகள் நாலு மாசம் ஆட்சேபிக்கலாம். அதுக்குப் பிறகுதான் அறிவித்தல் பதிவு. ஏவுற திகதிக்கு இரண்டு வருசம் முன்னாடியே ஆணைக்குழுவுல கோப்பு திறந்திருக்கணும். செய்மதியைக் கட்டி முடிச்சுட்டுப் போனா நேரம் போதாது.

கொண்டு போக வேண்டியது: சுற்றுப்பாதையின் உயரம், சாய்வு. ஏத்த அலைவரிசை, இறக்க அலைவரிசை, இரண்டுக்கும் அகலம். லோராவுக்கு 125 கிலோஹேர்ட்ஸ்னா எல்லாப் படிவத்துலயும் 125தான், ஒரு இடத்துல 125, இன்னொரு இடத்துல 250ன்னு இருக்கக் கூடாது. செய்மதியின் சக்தி, அன்ரெனாவின் ஈட்டம், தரை நிலையத்தின் ஆள்கூறு. உயரத்தை 500 கிலோமீற்றர்னு ஒத்தை எண்ணா எழுதிட்டா, கடைசியில 550க்குப் போற ரொக்கெட்லதான் இடம் கிடைக்கும். ஆரம்பத்திலேயே வீச்சா எழுதிக் கேளுங்க. ஐந்நூறுக்கு மேல போறதையும் நான் விரும்ப மாட்டேன். வேலை முடிஞ்ச செய்மதி ஐந்து வருசத்துக்குள்ள விழுந்துடணும்ங்கிற எஃப்.சி.சி. விதி உங்களை நேரா கட்டுப்படுத்தாது, ஆனா ஏவுற கம்பனி கேக்கும். சூரியன் அமைதியா இருக்கிற காலத்துல 550இல ஒரு 3யூ ஐந்து வருசத்தைத் தாண்டியும் சுத்திட்டு இருக்கலாம்.

இன்னொண்ணு, மாணவர்கள் தவறாம மறக்கிறது: கட்டளை அனுப்பினா செய்மதி உடனே அலைபரப்பை நிறுத்தணும். ஒழுங்குவிதி 22.1. "எங்களது வெறும் வாங்கி, ஒரு சின்ன பீக்கன் (அடையாள சிக்னல்) மட்டும்தான்"னு விட முடியாது. பீக்கனுக்கும் நிறுத்தக் கட்டளை வேணும், அதைக் கேக்குற வாங்கி மெயின் கணினி தொங்கிப்போனாலும் வேலை செய்யணும்.

செலவைப் பொறுத்தவரை ஒரு நல்ல செய்தி. ஐ.டி.யூ. கட்டணத்துல ஒவ்வொரு நாட்டுக்கும் வருசத்துக்கு ஒரு செய்மதிப் பதிவு இலவசம். அந்த வருசம் வேற யாரும் அதை எடுத்துக்கலைன்னா உங்களுக்குக் கேட்டுப் பாருங்க. அமெச்சூர் பதிவுக்குக் கட்டணமே இல்லை, ஆனா மேல சொன்ன நிபந்தனை.

"அனுமதி பிறகு பாப்போம், இடம் கிடைச்சா ஏத்திருவோம்"னு யாராவது சொன்னா ஸ்வார்ம்ங்கிற அமெரிக்கக் கம்பனியோட கதையைச் சொல்லுங்க. உங்களை மாதிரியே சின்னக் கருவிகளோட தரவைச் சுமக்கிற செய்மதி, 10க்கு 10க்கு 2.8 சென்ரிமீற்றர். இவ்வளவு சின்னதைத் தரையில இருந்து நம்பிக்கையா பின்தொடர முடியாதுன்னு எஃப்.சி.சி. மறுத்துருச்சு. அப்படியும் நாலு செய்மதி 2018 ஜனவரியில இந்திய ரொக்கெட் பி.எஸ்.எல்.வி. சி40இல போயிருச்சு. டிசம்பர்ல 900,000 டொலர் தண்டம் கட்டினாங்க. ஏத்தி விட்டவங்க யாரும் அனுமதித் தாளைப் பாக்கலை. அதுக்கு அப்புறம் எந்த இடைத்தரகரும் அலைவரிசைக் கடிதம் இல்லாம பெட்டியை மூட மாட்டாங்க.

கொட்டகலை மழைமானி:

நன்றி அண்ணே. சந்தாவை விட்டுவிட்டு முதல் செய்மதியை ஆராய்ச்சியாக மட்டும் செய்தால் அமெச்சூர் வழி சரிவருமா? அத்தோடு ஒரே செய்மதியில் ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை தரவு எடுக்க முடியுமா என்று யாராவது கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமா?

லக்சபான சரிவு:

இரண்டாவதுக்குப் பதில்: முடியாது, கிட்டவும் வராது.

500 கிலோமீற்றரில் துருவச் சுற்றுப்பாதை. செய்மதி தலைக்கு மேலால் வானத்தைக் கடந்துபோகும் ஒரு கடவைக்குக் கடல் மட்டத்தில் திறந்த தொடுவானம் இருந்தால் 11 நிமிடத்துக்கு மேல் கிடைக்கும். உங்கள் இடத்தில் தொடுவானம் கிடையாது, மலை. பள்ளத்தில் இருக்கும் மானிக்கு 20 பாகைக்குக் கீழே எல்லாம் மறைப்பு என்று வைத்தால் அந்தக் கடவை 5 நிமிடமாகச் சுருங்கும். அதைவிட மோசம், பக்கவாட்டில் போகும் கடவைகள் மொத்தமாக இல்லாமல் போகும். நம் அகலக்கோட்டில் 20 பாகைக்கு மேல் எழும் கடவை சராசரியாக ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோதான். நடுவில் 12 மணித்தியாலம் வெறும் வானம். ஒரு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் விழுந்ததை மறுநாள் காலையில் அறிந்து யாரை வெளியேற்றுவது?

பூமத்தியரேகையை ஒட்டிய சாய்வில் போனால் ஒவ்வொரு சுற்றிலும் வரும், ஆனால் அந்தப் பாதைக்குப் பல செய்மதிகளைச் சேர்த்து ஏற்றும் பகிர்வு ரொக்கெட் கிடைப்பது அரிது. ஆகவே எச்சரிக்கைக்கு வேறு வழி: மலை முகட்டில் சூரியத் தகடு, பற்றரியோடு லோரா அஞ்சல் நிலையம் (சிக்னலை வாங்கி அடுத்த நிலையத்துக்கு அனுப்புவது) ஒன்று, அங்கிருந்து அடுத்த முகடு, அங்கிருந்து சிக்னல் உள்ள ஊர். குறைந்த சக்திக் கருவிகளுக்கு ஆணைக்குழு விட்டிருக்கும் அலைவரிசை எதுவென்று பார்த்து அதற்குள் கருவி வாங்குங்கள். இணையத்தில் மலிவாக வரும் ஐரோப்பியக் கருவியை அப்படியே இறக்கினால் சுங்கத்தில் மாட்டும். முகடு கிடைக்காத ஓரிரு இடத்துக்கு மட்டும் செய்மதிச் சேவை. அதற்கு முன் அந்தச் சேவை நடத்துபவருக்கு இலங்கையில் அனுமதிப்பத்திரம் உண்டா என்று கேளுங்கள். 2024 தொலைத்தொடர்புத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு அந்த வாசல் திறந்திருக்கிறது. ஸ்டார்லிங்க் 2024 ஓகஸ்ட்டில் அனுமதி எடுத்து 2025 ஜூலையில்தான் சேவையைத் தொடங்கியது. பெரிய கம்பனிக்கே அவ்வளவு நாள்.

சொந்தச் செய்மதி பரிசோதனைக்கு நல்லது. உயிரை அதன்மேல் கட்டாதீர்கள்.

ஊவா வானலை:

லக்சபான சொன்னது அத்தனையும் சரி. முதல் கேள்விக்கு: ஆராய்ச்சி மட்டும்னா அமெச்சூர் வழிக்கு முயற்சி பண்ணலாம், ஆனா தரவு திறந்து கிடக்கணும், பூட்டு போடக் கூடாது, மத்த அமெச்சூர்களுக்கும் அதுல ஏதாவது பிரயோசனம் இருக்கணும். தரை நிலையத்துல 437 மெகாஹேர்ட்ஸ்ல டொப்ளர் (செய்மதி ஓடுறதால அலைவரிசை மாறித் தெரியறது) கூடவும் குறையவும் 10 கிலோஹேர்ட்ஸ் வரை ஆடும். லோரா 125 அகலத்துல அதைத் தாங்கும், குறுகிய பீக்கனுக்கு மென்பொருள்ல திருத்தணும். வாங்குற நிலையத்தை இப்பவே கட்டி மத்தவங்க செய்மதியைக் கேட்டுப் பழகுங்க. அதுக்கு அலைபரப்பு எதுவும் வேண்டியதில்லை. கொட்டகலைப் பள்ளத்துல வைக்காதீங்க, முகட்டுல ஒரு கூரை தேடுங்க.

பதுளை வீதி:

வர்த்தமானி வாசகனோடு ஒரு விஷயத்தில் உடன்பட முடியவில்லை. அமெரிக்க மாதிரி நமக்குப் பொருந்தாது. கொம்ஸ்டாக் ஆலோசனை சொல்வது, சட்டப்படி அனுமதிப்பத்திரம் கொடுக்கும் ஓர் அலுவலகத்துக்கு. இங்கே தனியான விண்வெளிச் சட்டமே இல்லை. அலைவரிசை ஆணைக்குழுவிடம், விண்வெளித் தொழில்நுட்பம் மொரட்டுவையில் ஆதர் சி கிளார்க் நிறுவகத்திடம், வான்பரப்பு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையிடம். தனியார் செய்மதி ஒன்றுக்கு "சரி, விடு" என்று சொல்லும் மேசை எது? மேசையே இல்லாத இடத்தில் யாருக்கு ஆலோசனை?

1967 விண்வெளி உடன்படிக்கையின் 6ஆவது உறுப்புரை, தனியாரின் விண்வெளிச் செயற்பாட்டுக்கும் அரசே பொறுப்பு, அனுமதித்து தொடர்ந்து மேற்பார்வை செய்ய வேண்டும் என்கிறது. ஏவுவித்த நாடும் ஏவிய நாடும் சேதத்துக்குப் பொறுப்பு. நீங்கள் காசு கொடுத்து ஏற்றினால் பொறுப்புப் பட்டியலில் இலங்கையும் நிற்கலாம். கையெழுத்துக் கேட்டுப் போகும்போது திறைசேரியிலிருந்து வரும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி, கட்டுப்பாட்டை யார் வைத்திருப்பார்கள், ஆயுட்காலம் முடிந்ததும் எப்படி எரிந்து விழும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையோடு கொண்டு போங்கள். விழுவது வெறும் ஏட்டுச் சங்கதி இல்லை. 2015 நவம்பர் 13இல் டபிள்யூ.ரி.1190எஃப் என்ற விண்குப்பை நம் தென்கரைக்கு அப்பால் கடல் மேலேதான் எரிந்தது.

இந்தியாவிடமிருந்து இரண்டு பாடம் எடுக்கலாம். ஒன்று இன்ஸ்பேஸ், தனியார் விண்வெளிச் செயற்பாட்டுக்கு அனுமதி கொடுக்கும் அமைப்பு. 2020இல் அறிவித்தார்கள், அகமதாபாத் போப்பலில் 2022 ஜூனில் தலைமையகம் திறந்தார்கள், 2023இல் விண்வெளிக் கொள்கை, 2024 மேயில் நடைமுறை விதிகள். அது ஆலோசனைக் குழு இல்லை, ஒற்றைச் சாளரம். கையெழுத்துப் போடுவது அதுவே. ஆனால் அதன் காலுக்குக் கீழே சட்டம் இல்லை. 2017இல் வரைந்த விண்வெளிச் செயற்பாட்டு மசோதா சட்டமாகவில்லை. கொள்கையை மாற்றுவது சட்டத்தை மாற்றுவதைவிடச் சுலபம், முதலீடு செய்கிறவனுக்கு அது உறுத்தும். இந்திய ரொக்கெட்டில் இடம் பிடிப்பதானால் அங்குள்ள கம்பனி ஒன்றின் வழியாகவே விண்ணப்பம் போகும் என்று வைத்துக்கொண்டு ஒப்பந்தத்தில் யார் எந்தத் தாளுக்குப் பொறுப்பு என்பதை எழுதுங்கள்.

மற்றது ட்ராய், அங்குள்ள தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். 1997 சட்டத்தின் 11ஆவது பிரிவு. புதிய சேவை வழங்குநர், அனுமதிப்பத்திர நிபந்தனை ஆகியவற்றில் மத்திய அரசு ட்ராயிடம் பரிந்துரை கேட்டே ஆக வேண்டும். பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஏற்காவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டும், ட்ராய் 15 நாளில் பதில் சொல்ல வேண்டும், பிறகே முடிவு. கேட்க வேண்டிய கடமை, மறுத்தால் திருப்பி அனுப்ப வேண்டிய கடமை, இரண்டுக்கும் தவணை. 2025 மேயில் செய்மதி அலைவரிசைக்கு வருமானத்தில் 4 சதவீதம் என்று ட்ராய் சொன்னது இந்த வழியில்தான். கலந்தாய்வுத் தாளையும் கம்பனிகள் கொடுத்த பதில்களையும் யாரும் படிக்கலாம். குழு கேட்பதானால் இப்படிக் கேளுங்கள்.

இந்தியா ஏவுவது நமக்கு வேறு விதத்திலும் சம்பந்தம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் பி.எஸ்.எல்.வி. இலங்கைக்கு மேலால் பறக்காமல் வளைந்து போகிறது, அந்த வளைவில் சுமையை இழக்கிறது. தமிழ்நாட்டின் குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரியில் அடிக்கல் நாட்டியது நேராகத் தெற்கே விடலாம் என்பதற்காக. அங்கிருந்து ஏவத் தொடங்கினால் நம் மேற்குக் கடலில் மீனவர்களுக்கும் விமானங்களுக்கும் அடிக்கடி அறிவித்தல் வரும். ஆலோசனைக் குழு ஒன்று அமைந்தால் மீன்பிடிச் சங்கத்துக்கும் ஒரு கதிரை வேண்டும், மென்பொருள் கம்பனிகளுக்கு மட்டுமல்ல.

வர்த்தமானி வாசகன்:

ட்ராய் மாதிரி மேல் என்பதை ஏற்கிறேன். மேசை முதலில் என்பதையும். அமெரிக்க மாதிரியிலிருந்து திறந்த கூட்டமும் எழுத்துக் கருத்தும் மட்டும் எடுத்தால் போதும்.

மனுவை எழுதுவதானால் "விண்வெளித் துறையை ஊக்குவிக்க வேண்டும்" என்ற வாக்கியத்தோடு தொடங்க வேண்டாம், அதைப் படித்து யாரும் எதுவும் செய்ய முடியாது. எஃப்.ஏ.ஏ.யின் விதிகளுக்கு வரும் பதில்களில் எடுபடுவது எந்தப் பிரிவு, எந்தச் சொல், அதற்குப் பதில் என்ன சொல், அதனால் யாருக்கு எவ்வளவு செலவு என்று எழுதியவை. அரசு இறுதி விதியில் அவற்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டியிருக்கும். ஒரே கடிதத்தை ஆயிரம் பேர் அனுப்பினால் அதை ஒரு கடிதமாக எண்ணி ஒரு வரியில் பதில் எழுதுவார்கள்.

உங்கள் மனுவில் நான்கு வேண்டுகோள் போதும். 10 கிலோவுக்குக் குறைந்த செய்மதிக்கு அனுமதி சொல்லும் ஒரே அலுவலகத்தை வர்த்தமானியில் பெயர் சொல்லி அறிவிப்பது. முழுமையான விண்ணப்பத்துக்கு முடிவு சொல்ல ஒரு தவணை, அமெரிக்காவில் ஏவுதலுக்கு 180 நாள் என்று சட்டத்திலேயே இருக்கிறது. முழுமையான விண்ணப்பம் என்றால் எந்தெந்தத் தாள் என்ற பட்டியல். இதுதான் முக்கியம், ஏனென்றால் "முழுமையில்லை" என்று திருப்பி அனுப்பினால் கடிகாரமே ஓடத் தொடங்காது, அங்கேயும் கம்பனிகளின் பெரிய முறைப்பாடு அதுவே. நான்காவதாக, ஆலோசனை கேட்கவும் மறுத்தால் காரணம் எழுதவும் உள்ள கடமை.

தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பில் இருக்கிறது, தயங்க வேண்டாம். தொழில்நுட்ப இணைப்பை மட்டும் ஆங்கிலத்திலும் வையுங்கள். ஏற்கனவே ஏதாவது குழு கூடியிருக்கிறதா, என்ன சொன்னது என்று தெரிய வேண்டுமானால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பியுங்கள். கொடுப்பதா இல்லையா என்பதை 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். "எல்லா விவரமும்" என்று கேட்டால் இழுபடும். கூட்டத் திகதிகள், உறுப்பினர் பட்டியல், கூட்டக் குறிப்புகளின் பிரதி என்று பிரித்துக் கேளுங்கள். அமைச்சுக்கு ஒன்று, ஆணைக்குழுவுக்கு ஒன்று, கிளார்க் நிறுவகத்துக்கு ஒன்றாக, தனித்தனி விண்ணப்பம்.

கொட்டகலை மழைமானி:

எல்லோருக்கும் நன்றி. அப்படியானால் முகட்டு லோரா முதலில், செய்மதி பிறகு. மூன்று தகவல் விண்ணப்பங்களையும் இந்தக் கிழமையே போடுகிறோம். அஞ்சல் நிலையங்களுக்கு வாங்கப்போகும் கருவியின் மாதிரி இலக்கத்தை வைத்து ஆணைக்குழுவில் வகை அங்கீகாரம் (அந்த மாதிரியை இங்கே பாவிக்கலாம் என்ற ஒப்புதல்) கேட்க வேண்டுமா, இல்லை இறக்குமதி செய்பவர் பார்த்துக்கொள்வாரா?

ஊவா வானலை:

இறக்குமதி செய்றவர்கிட்ட அதே மாதிரி இலக்கத்துக்கான அங்கீகாரக் கடிதத்தைக் காசு கொடுக்க முன்னாடி கேட்டு வாங்குங்க. இலக்கத்துல கடைசி எழுத்து வரைக்கும் ஒத்துப்பாருங்க, ஒரே பெட்டியில 433க்கும் 868க்கும் 923 மெகாஹேர்ட்ஸுக்கும் வேற வேற எழுத்துதான் வரும். கடிதம் இல்லைன்னு சொன்னா கருவியை மாத்துங்க, கடையை நம்பிக் கட்டாதீங்க.